சில நூறு பேரின் மொழியும் எங்கள் வீட்டுத் தமிழும்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் 3ஆம் திகதி வந்தால் அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் 'மாபோ தினம்' பற்றிப் பேசுவார்கள். எங்கட பிள்ளைகளும் ஒரு படத்துக்கு நிறம் தீட்டி, கீழே எடி மாபோ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். "யாரப்பா இவர்?" என்று கேட்டால், "காணி வழக்குப் போட்டு வென்ற ஒரு பூர்வகுடி மனிதர்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அது சரியான பதில்தான். ஆனால் அந்த மனிதர் பிறந்த தீவையும், அங்கே பேசப்படுகிற மொழியையும் கொஞ்சம் அறிந்துகொண்டால், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தமிழ்ப் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அவுஸ்திரேலியாவின் வடமுனைக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவில் இருப்பது ரொறஸ் நீரிணை. அகலம் சுமார் 150 கிலோமீற்றர். அதன் கிழக்கு ஓரத்தில், தேர்ஸ்டே தீவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளி, மேர் என்ற தீவு இருக்கிறது. வெள்ளையர் வைத்த பெயர் மரே தீவு. மூன்று கிலோமீற்றர் நீளம்கூட இல்லை. பழைய எரிமலை மண். எதை நட்டாலும் வரும். பக்கத்தில் டவார், வாயெர் என்று இரண்டு சின்னத் தீவுகள். மேரில் இன்று இருப்பவர்கள் சில நூறு பேர். அவர்களுடைய மொழி மெரியம் மிர். 'மிர்' என்றால் சொல், பேச்சு. மெரியம் ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான் பெயர்.

அவுஸ்திரேலிய மண்ணில் பேசப்படுகிற ஒரேயொரு பப்புவா மொழி இதுதான். பெருநிலத்துப் பூர்வகுடி மொழிகளோடு இதற்கு உறவு இல்லை. ரொறஸ் நீரிணையின் மேற்குத் தீவுகளில் பேசப்படும் மொழிகூட அவுஸ்திரேலியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மெரியமின் சொந்தக்காரர்கள் கடலுக்கு அப்பால், நியூகினியின் தென்கரையில் பினே, விப்பி, கிஸ்ரா என்ற மொழிகளைப் பேசுகிறவர்கள். ஒரு கரையில் ஒரு நாட்டுக் கொடி, மறுகரையில் இன்னொரு நாட்டுக் கொடி, நடுவில் ஒரே குடும்பத்து மொழிகள். பாக்கு நீரிணையின் இரு கரையையும் தெரிந்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அவுஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் 1978இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1985இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு கரையிலும் உள்ள பாரம்பரியக் குடிகள், மீன்பிடி, பண்டமாற்று, உறவினர் விசேஷம் போன்ற வழமையான காரியங்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் போய்வரலாம். எங்கட பக்கத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் அப்படி ஒரு சலுகை மிஞ்சியிருக்கிறது.

கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில்

மேரின் அன்றாட வாழ்க்கை இரண்டு சொல்லுக்குள் அடங்கும்: 'குர்' என்ற கடலும் 'கெடுப்' என்ற தோட்டமும். கரையோரமாக வீடுகள். வீட்டுக்கு 'மெட்டா' என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தோட்டம்: கிழங்கு, வாழை, தென்னை. தென்னைக்கு 'ஊ' என்று ஒரே ஓர் எழுத்தில் பெயர். உணவுக்குப் பொதுப்பெயர் 'லெவெர்'. மழை 'இர்மெர்', காற்று 'வாக்', சூரியன் 'லெம்', நிலா 'மெப்', நட்சத்திரம் 'வெர்'.

கடற்கரையில் 'ஸாய்' என்று ஒன்று இருக்கிறது. கல்லை அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு வளைத்துக் கட்டிய சுவர். கடல் ஏறும்போது மீன் உள்ளே வரும். கடல் வற்றும்போது தண்ணீர் கற்களின் இடுக்கால் போய்விடும், மீன் உள்ளே நின்றுவிடும். யாழ்ப்பாணக் களப்பில் களங்கட்டித் தொழில் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். இந்தக் கல்வேலி எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால், அபோப், கொஸ் என்ற இரண்டு முன்னோரின் கதையைச் சொல்வார்கள். 'டூப்' என்று ஒரு சின்ன மீன், எங்கட சூடை மாதிரி, கூட்டமாகக் கரைக்கு வரும். அதை அள்ளுவதற்கு மூங்கிலால் பின்னிய கூம்புக் கூடை 'வெரெஸ்'. மீனுக்குப் பொதுப்பெயர் 'லார்', ஆமை 'நாம்', கடற்பசு 'டெகெர்'. மேரில் இருக்கும் பெரிய குன்றுக்குப் பெயர் கெலாம். தாயோடு கோபித்துக்கொண்டு மொவா தீவிலிருந்து கடற்பசு வடிவில் நீந்தி வந்தவன் அங்கே மலையாகப் படுத்துவிட்டான் என்பது கதை. தூரத்தில் படகில் வருகிறவர்களுக்கு அந்தக் குன்று படுத்திருக்கும் கடற்பசு மாதிரியே தெரியும்.

எண்களுக்கு இரண்டே சொல்தான். 'நெட்டாட்' ஒன்று, 'நேய்ஸ்' இரண்டு. மூன்றுக்கு 'நேய்ஸ் நெட்டாட்', நான்குக்கு 'நேய்ஸ் நேய்ஸ்'. அதற்கு மேல் வேண்டுமென்றால் இடது கைச் சிறுவிரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று உடம்பிலேயே ஏறி மறுபக்கத்தால் இறங்குவார்கள். 'பாவம், எண்ணத் தெரியாதவர்கள்' என்று அந்தக் காலத்து வெள்ளையர் சிலர் சிரித்தார்கள். சாணும் முழமும் பாகமும் எங்கட உடம்பால் அளந்தவைதானே? கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்கிற மனிதர்கள் எங்கட கரைகளிலும் இருந்தார்கள்.

இரவில் வானத்தைப் பார்த்தால் டாகாய் நிற்பான். படகின் முன்னணியில் நிற்கிற பெரிய மனிதன். தென்வானத்துச் சிலுவை நட்சத்திரங்கள் அவனுடைய இடது கை. அவனுடைய படகில் பன்னிரண்டு பேர். பயணத்துக்கு வைத்திருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் அவர்கள் களவாக முடித்துவிட்டார்கள். டாகாய்க்குக் கோபம் வந்தது. ஆறு ஆறு பேராகக் கோர்த்து எறிந்தான். ஒரு ஆறு பேர் 'உசியம்' ஆனார்கள், மற்ற ஆறு பேர் 'செக்' ஆனார்கள். உசியம் என்பது நாங்கள் கார்த்திகை என்று சொல்கிற அதே நட்சத்திரக் கூட்டம். எங்கட கதையில் ஆறு கார்த்திகைப் பெண்கள், அவர்களுடைய கதையில் ஆறு களவெடுத்த படகுக்காரர். ஒரே வானத்தைப் பார்த்து இரண்டு சனமும் ஆறு என்றே எண்ணியிருக்கிறது. டாகாயின் கை கடலை நோக்கிச் சரிந்தால் மழைக்காலம் வருகிறது, தோட்டத்தைத் தயார் செய் என்று அர்த்தம். இன்று ரொறஸ் நீரிணைத் தீவுகளில் உள்ள அரச பாடசாலைகளை இணைத்த கல்லூரிக்குப் பெயரே டாகாய்தான்.

காற்றுக்குப் பெயர்

மெரியம் ஆட்களுக்குக் காற்று பொதுவான ஒன்று இல்லை. தென்கிழக்கிலிருந்து மாதக்கணக்கில் வீசுகிற காய்ந்த காற்று 'சாகெர்'. வடமேற்கிலிருந்து மழையோடு வருவது 'கோகி'. எந்தக் காற்று என்று தெரிந்தால் எந்தக் கிழங்கை நடுவது, எந்தப் பக்கம் படகு விடுவது, எந்த மீன் கரைக்கு வரும் என்பதெல்லாம் தெரியும். ஒரு சொல்லுக்குள் ஒரு பருவத்தின் வேலைத்திட்டமே இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு மயிலிட்டிதான் நினைவுக்கு வந்தது. அம்மாவின் தகப்பனார் அங்கே கடற்தொழில் செய்தவர். வடகிழக்கிலிருந்து வருவது வாடை, தென்மேற்குப் பருவத்தில் வீசுவது சோழகம், மேற்கால் வருவது கச்சான், கிழக்கால் வருவது கொண்டல் என்று அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1990இல் மயிலிட்டிச் சனம் ஒரேயடியாக இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகப் பகுதியை விடுவிக்க 2017 வரை ஆனது. அந்த 27 வருஷத்தில் அந்தக் கரையில் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை முகாம்களிலும் கனடாவிலும் பாரிஸிலும் சிட்னியிலும் வளர்ந்துவிட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நிலத்தில் நின்று பழகாத காற்றின் பெயரை யார் திருப்பிக் கொடுப்பது?

நான் சனிக்கிழமைகளில் மேற்குச் சிட்னியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். ஒருநாள் "கச்சான் என்றால் என்ன?" என்று கேட்டேன். ஏழு பேர் கையை உயர்த்தினார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: "வேர்க்கடலை, சேர்!" அதுவும் சரிதான். யாழ்ப்பாணத்தார் கடலைக்கு வைத்த பெயர் அது. ஆனால் கச்சான் ஒரு காற்றும் என்று சொன்னபோது, "காற்றுக்கு ஏன் சேர் பெயர்? புயலுக்குத்தானே பெயர் வைப்பார்கள்?" என்று ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி. வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்த பிள்ளையின் கேள்வி. கடலை நம்பி வாழ்ந்த ஆட்களுக்கு அந்தக் கேள்வி எழவே எழாது.

சிட்னியில் கோடை வெக்கை தாங்க முடியாமல் இருக்கும்போது திடீரென்று தெற்கிலிருந்து ஒரு குளிர்காற்று அடித்து, சில நிமிஷத்தில் வெக்கையை இறக்கிவிடும். எங்கட அம்மா அந்தக் காற்று வந்தவுடன் கதவைத் திறந்துவிட்டு, "இது இஞ்சத்தைய சோழகம்" என்பா. என் மகள் ஒருநாள், "அம்மம்மா, அது சதர்லி" என்றாள். "நீ சதர்லி எண்டு சொல்லு பிள்ளை, நான் சோழகம் எண்டு சொல்லுறன். காத்துக்கு என்ன கோவமே?" என்றா அம்மா. இப்போது மகளும் சிலவேளை சோழகம் என்கிறாள். ஒரு சொல் ஊரை விட்டு வந்து புது ஊரில் வேலை செய்ய முடியும் என்பதற்கு அதுதான் எனக்குச் சாட்சி. ஆனால் சொல்ல ஒரு அம்மம்மா வேண்டும், கேட்க ஒரு கதவடி வேண்டும்.

மேரிலிருந்து நீலகிரிக்கு

1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுக்குழு மேருக்கு வந்தது. தலைவர் அல்பிரட் ஹடன். கூட வந்தவர்களில் சிட்னி ரே என்பவர் லண்டனில் சாதாரண பள்ளிக்கூட வாத்தியார். மெரியம் மிரின் இலக்கணத்தை எழுதிவைத்தவர் அவர். சார்ல்ஸ் மையர்ஸ் மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவு செய்தார். டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ் ஒவ்வொரு குடும்பத்தினதும் வம்சவழியைக் கேட்டுக் கேட்டு எழுதினார். யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த ஊரில் கல்யாணம் செய்தார் என்று மேர் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, மானிடவியலில் ஒரு புதிய ஆய்வுமுறையே பிறந்தது.

அதே றிவேர்ஸ் சில வருஷங்களில் தமிழ்நாட்டின் நீலகிரிக்குப் போய்த் தோடர்களிடம் அதே முறையில் வம்சவழி கேட்டார். 1906இல் தோடர் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. மேருக்கு வந்த இன்னொருவர் செலிக்மன். அவர் பிறகு இலங்கைக்குப் போய் மனைவியோடு சேர்ந்து வேடர்களை ஆராய்ந்தார். 1911இல் அந்த நூல் வெளிவந்தது. மேர், நீலகிரி, இலங்கைக் காடு: மூன்று சின்னச் சனங்களைப் பற்றிய எழுத்து ஒரே படகிலிருந்து கிளம்பியிருக்கிறது. தோடர் மொழி எங்கட திராவிடக் குடும்பத்துப் பிள்ளை. அதையும் பேசுகிறவர்கள் மிகக் கொஞ்சப் பேர்தான். செம்மொழிப் பெருமை பேசுகிற எங்களில் எத்தனை பேருக்குத் தோடர் மொழியில் ஒரு சொல் தெரியும்?

தங்களைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டு போன அந்தத் தொகுதிகளை மேர் ஆட்கள் கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சியாக வைத்தார்கள். அதுதான் மாபோ வழக்கு.

ஒரு தோட்டக்காரரும் ஒரு சொல்லும்

எடி கொய்கி மாபோ 1936இல் மேரில் பிறந்தார். தாய் பிறந்த கொஞ்ச நாளில் இறந்துவிட, தாயின் சகோதரர் பென்னி மாபோவும் அவருடைய மனைவி மைகாவும் பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். இளைஞனாக இருக்கும்போதே தீவை விட்டு வெளியேற வேண்டி வந்தது. குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டினார், முத்துக்குளிக்கும் படகுகளிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தார். 1967இலிருந்து ரவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தார். அங்கே ஹென்றி ரெனோல்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரண்டு வரலாற்று ஆசிரியர்களோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவார். ஒருநாள் மேரில் தன்னுடைய காணியைப் பற்றிச் சொன்னபோது, சட்டப்படி அது முடிக்குரிய நிலம், உனக்கு உறுதி இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. மாபோவால் நம்ப முடியவில்லை.

ஏன் நம்ப முடியவில்லை? அவருடைய மொழியில் 'கெட்' என்றொரு சொல் இருக்கிறது. நிலம், ஊர், இருப்பிடம் எல்லாம் அதற்குள் வரும். நிலமுடைய மனிதருக்கு 'கெட்கெம் லே'. மேரில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஆள் உண்டு, எல்லை உண்டு. எல்லையைக் காட்ட மரமும் கல்லும் உண்டு. அடுத்தவன் தோட்டத்தில் கை வைக்காதே, கால் வைக்காதே என்று மாலோ என்ற தெய்வத்தின் பெயரால் ஒரு சட்டம் உண்டு. இவ்வளவும் மொழிக்குள் இருக்கும்போது, 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று ஒரு லத்தீன் சொற்றொடர் எப்படி அதை அழிக்க முடியும்?

1982 மே மாதத்தில் மாபோவும் இன்னும் நான்கு மெரியம் ஆட்களும் வழக்குப் போட்டார்கள். 1985இல் குயின்ஸ்லாந்து அரசு அவர்களுடைய உரிமையைப் பின்தேதியிட்டு ஒழிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1988இல் உயர் நீதிமன்றம் அது இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது. 1992 ஜூன் 3ஆம் திகதி, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், மெரியம் மக்களின் நில உரிமை ஏற்கப்பட்டது. அதைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அதே வருஷம் ஜனவரி 21இல் புற்றுநோயால் போய்விட்டார். 1995இல் ரவுன்ஸ்வில்லில் அவருடைய கல்லறைக்குக் கல் வைத்த நாளன்று இரவே அதை யாரோ சேதப்படுத்தினார்கள். குடும்பம் உடலை எடுத்துக்கொண்டுபோய் மேரில், லாஸ் என்ற அவருடைய ஊரில் அடக்கம் செய்தது. கல்லறை உடைபடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்று மேரின் நில உரிமையைப் பொறுப்பாக வைத்திருக்கும் அமைப்புக்குப் பெயர் 'மேர் கெட்கெம் லே'. தோட்டத்தில் பேசிய சொல் அரச பதிவேட்டில் ஏறிவிட்டது.

இதைப் படிக்கும்போது தேசவழமை நினைவுக்கு வராமல் போகாது. 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தபோது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வீட்டுச் சொற்கள் சட்டச் சொற்கள் ஆயின. இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் ஆங்கிலத் தீர்ப்புக்கு நடுவில் அந்தச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. எங்கட காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும்: இன்ன வளவு, இன்ன தோட்டம், இன்ன புலம் என்று. இத்தனை பரப்பு, இத்தனை குழி, வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய காணி என்று. அந்த உறுதிகள் இப்போது சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றை வாசித்து விளங்கக்கூடிய பிள்ளை வீட்டில் இருக்கிறதா? பரப்பு என்றால் என்ன அளவு என்று தெரியாத பிள்ளைக்கு, அந்தக் காணி நாளை ஒரு தரகர் அனுப்புகிற வட்ஸ்அப் செய்திதான்.

பிள்ளைகள் என்ற சொல்

மாபோ வழக்கில் ஒரு கசப்பான கிளை உண்டு. உண்மைகளை விசாரித்த குயின்ஸ்லாந்து நீதிபதி 1990இல் தந்த முடிவில், மாபோ பென்னி மாபோவின் வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டவர் என்ற கூற்றை ஏற்கவில்லை. வழக்குக்குப் பெயர் கொடுத்த மனிதரின் சொந்தக் காணி உரிமை அந்த இடத்திலேயே விழுந்தது. மேரில் பிள்ளையை உறவுக்குள் கொடுத்து வளர்ப்பது இயல்பான விஷயம். பத்திரம் கிடையாது, எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றத்துக்குப் பத்திரம் வேண்டியிருந்தது.

முப்பது வருஷம் கழித்து, 2020இல், அதே குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் இந்த வழக்கத்தைச் சட்டபூர்வமாக அங்கீகரித்தது. அந்தச் சட்டத்தின் பெயர் 'மெரிபா ஓமாஸ்கெர் காஸிவ் காஸிபா'. எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்காக என்று பொருள். மேற்குத் தீவு மொழியும் மெரியமும் கலந்த பெயர். அதில் 'ஓமாஸ்கெர்' மெரியம் சொல். பிள்ளைகள் என்று அர்த்தம். சில நூறு பேர் பேசுகிற மொழியின் சொல் ஒரு மாநிலச் சட்டத்தின் தலைப்பில் இருக்கிறது.

ஆனால் அந்த ஓமாஸ்கெர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கும். மெரியம் மிரைச் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். பிள்ளைகள் பேசுவது யும்பிளாடொக் என்ற கலப்பு மொழி. ஆங்கிலச் சொற்களோடு தீவுச் சொற்களும் தீவு இலக்கணமும் சேர்ந்து வளர்ந்தது. இதைக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. 'யும்பிளா' என்றால் கேட்கிற உன்னையும் சேர்த்த 'நாம்'. 'மிப்ளா' என்றால் உன்னைச் சேர்க்காத 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாடு தமிழில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் நாங்கள் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' என்றே சொல்லி 'நாம்' என்பதை மேடைக்கு அனுப்பிவிட்டோம். கலப்பு மொழிக்காரர் காப்பாற்றி வைத்திருப்பதைச் செம்மொழிக்காரர் கைவிட்டிருக்கிறோம்.

மெரியம் ஆட்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். 1960களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்து முத்துச்சிப்பித் தொழில் விழுந்தபோது, ரொறஸ் நீரிணை இளைஞர்கள் பெருநிலத்துக்கு வேலை தேடிப் போனார்கள். 1968 மே மாதத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரே நாளில் ஏழு கிலோமீற்றர் ரயில் பாதை போட்டு உலக சாதனை செய்தது அவர்களுடைய கூட்டம். இன்று தீவுகளில் இருப்பவர்களைவிடப் பெருநிலத்தில் இருப்பவர்கள்தான் அதிகம். ரவுன்ஸ்வில்லில் பிறந்த மெரியம் பிள்ளைக்கு சாகெர் காற்றைத் தெரியாது. 1973இல் மாபோவும் மனைவி பொனிட்டாவும் மற்றவர்களும் சேர்ந்து அந்த நகரில் ஒரு கறுப்பினச் சமூகப் பாடசாலையைத் தொடங்கியது அதற்காகத்தான். சம்பளம் இல்லாத ஆசிரியர்கள், பழைய கட்டிடம், எதிர்ப்பு. 1985 வரை தாக்குப்பிடித்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடத்தியவர்கள் இதை வாசித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது

2021 கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் சுமார் 95,000 பேர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி.க்கும் விக்டோரியாவில் வி.சி.இ.க்கும் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, முத்தமிழ் விழா எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன. உலகத்தில் எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழி, எங்களுக்கு என்ன பயம் என்று சிலர் கேட்பார்கள்.

தமிழ் அழியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் எட்டுக் கோடியில் ஒரு பங்கு பேர் தமிழ் பேசுவதால் என் வீட்டுக் குசினியில் தமிழ் இருக்கும் என்று ஆகாது. மொழி ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத்தான் இருக்கிறது, தனித்தனியாகத்தான் போகிறது. போட்டிக்குப் பாடமாக்கிய பேச்சு மேடையிலிருந்து இறங்கியவுடன் முடிந்துவிடும். 'அகப்பையை எடு', 'மூடுபெட்டியை வை', 'பிட்டுக்கு மாவை அரி', 'கதவைக் கொஞ்சம் ஒருச்சாய்' என்பவை மேடையில் ஏறாத சொற்கள். ஒரு மொழி வாழ்கிறதா என்பதை அவைதான் சொல்லும்.

'சிட்னியிலும் டான்டினோங்கிலும் வளர்கிற பிள்ளைக்குக் கொண்டல் காற்று எதற்கு?' என்ற கேள்வி நியாயமானது. கடலுக்குப் போகாத பிள்ளைக்குக் கடற்காற்றின் பெயர் தேவைப்படாதுதான். நான் கேட்பது பிள்ளைகளிடம் இல்லை, எங்களிடம். அந்தச் சொற்களை வைத்திருக்கிற கடைசி ஆட்கள் இப்போது எங்கட வீட்டு அறைகளில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. மேர் ஆட்கள் தங்கள் வம்சவழியையும் எல்லைகளையும் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்ததால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எழுதிவைத்ததால், நூறு வருஷம் கழித்து அது வேலைக்கு வந்தது. எங்கட அம்மம்மா சொல்வது எப்போது எதற்கு வேலைக்கு வரும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

எனவே நான் என் வகுப்பில் இந்தத் தவணை ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கட்டுரை வேண்டாம். வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் போய் ஒரு தொழிலின் சொற்களைக் கேட்டு, கைப்பேசியில் அவருடைய குரலிலேயே பதிந்து வாருங்கள் என்று சொன்னேன். மீன்பிடி, தோட்டம், பனைவேலை, தறி, மாட்டுவண்டி, சமையல், எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக் காணி உறுதி இருந்தால் அதில் உள்ள காணிப் பெயரை எழுதி, அது ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள் என்றேன். முதல் கிழமையே ஒரு பிள்ளை துலா, பட்டை, வாய்க்கால், பாத்தி என்று கிணற்றடியில் தொடங்கி வெங்காயத் தறை வரைக்கும் பதிந்துகொண்டு வந்தாள். "அப்பப்பா இவ்வளவு நேரம் என்னோடு கதைத்ததே இல்லை சேர்" என்றாள். தாத்தாவுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் அவர் கதைக்காமல் என்ன செய்வார்? நாங்கள் அவரிடம் "சாப்பிட்டியளா, குளிசை போட்டியளா" என்பதற்கு மேல் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணி இழந்து வந்த நாங்கள் இங்கே காணி வாங்கியிருக்கிறோம். அதுவும் யாருடைய 'கெட்' என்று ஒரு கேள்வி அந்தக் காணிக்கு அடியில் இருக்கிறது. எங்களில் எத்தனையோ பேர் பரமட்டாவில் இருக்கிறோம். அந்தப் பெயர் தருக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. விலாங்கு மீன் உள்ள இடம் என்பார்கள். விலாங்கு எங்களுக்குத் தெரிந்த மீன், எங்களுக்குத் தெரிந்த சொல். பிள்ளை பள்ளிக்கூடத்தில் மாபோ படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டு வந்தால், அன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு சொல் சொல்லிக்கொடுக்கலாம்: கெட், ஓமாஸ்கெர். நிலம், பிள்ளைகள். அதற்குப் பிறகு எங்கட காணிக்கு என்ன பெயர், அதற்கு வடக்கே யாருடைய வளவு என்று அம்மம்மாவைக் கேட்கச் சொல்லலாம்.

அம்மம்மா இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள்.